அவசரமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஓரெஸ்ட் பசரபாவின் கால் குறித்து

அனுப்புநர்:
ஆர்லீன் பசரபா,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
மூன்றாம் தெரு, ஹேரோ கிரீக்,
மானிடோபா.

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
ஏரிக்கரை வட்டார சுகாதார ஆணையம்.

பொருள்: அவசரமற்ற நோயாளிகளை மருத்துவமனை வாசலிலேயே திருப்பி அனுப்பும் புதிய ஏற்பாட்டை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் முதல் கடிதத்துக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில் கிடைத்தது. என் கணவர் விஷயத்தில் எல்லாம் விதிமுறைப்படியே நடந்திருப்பதாக அதில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

2. என் கணவர் ஓரெஸ்ட் பசரபா விவசாய இயந்திரங்கள் பழுது பார்ப்பவர். சென்ற அறுவடைக் காலத்தில் இரும்புத் தகடு ஒன்று விழுந்து அவர் பாதத்தைப் பிளந்துவிட்டது. எங்கள் ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உடனே சேர்த்துக்கொண்டு நன்றாகத் தையல் போட்டார்கள். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கிளம்பும்போது, அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் காலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், தையலை உங்கள் குடும்ப மருத்துவரிடம் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் குடும்ப மருத்துவர் வசந்த காலத்திலேயே வீட்டை விற்றுவிட்டு கல்கரிக்குப் போய்விட்டார். இது ஊருக்கே தெரியும்.

3. ஆகவே தையல் பிரிக்க அதே அவசரப் பிரிவுக்குப் போனோம். அதற்குள் வாசலில் புதிதாக ஒரு மேசை வந்திருந்தது. அங்கிருந்த செவிலியர் காலைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், பொறுமையாகவே பேசினார். "ஐயா, இது அவசரம் இல்லீங்களே. இதுக்குப் போய் இங்க நாள் பூரா உக்காந்திருக்கணுமா? கார்விக்ல கிளினிக் இருக்கு, அங்க போயிடுங்க" என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே, "நான் எதையுமே அவசரமா செய்யுற ஆள் இல்லம்மா, இவளக் கேளுங்க" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். நாங்கள் சந்தோஷமாகவே கிளம்பினோம்.

4. கார்விக் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்று முதல் பனி வேறு. போனால், புதிய மருத்துவர் வரும்வரை மூடப்பட்டிருக்கும் என்று கிளினிக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. அதிலிருந்த எண்ணுக்கு வண்டியில் உட்கார்ந்தபடியே போன் செய்தேன். வெகுநேரம் இசை கேட்டது. பிறகு ஒரு பதிவுக் குரல், அருகிலுள்ள அவசரப் பிரிவை அணுகும்படி சொன்னது.

5. திரும்பி வந்தோம். மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில் ஆணையம் வைத்திருக்கும் பெரிய பலகையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அவசரமில்லாதவர்கள் உள்ளே வருவதால் உயிருக்குப் போராடுபவர்கள் காத்திருக்க நேர்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. நான் எஞ்சினை அணைத்த நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது; அதிலிருந்து ஒரு குழந்தையை ஓட்டமாக உள்ளே எடுத்துப் போனார்கள். என் கணவர் கதவுப் பிடியில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"வண்டிய எடு ஆர்லீன்."

"என்ன விளையாடுறியா? கிளினிக் மூடியிருக்குன்னு சொன்னா சேத்துக்குவாங்க. வா."

"அந்தக் குழந்தையப் பாத்தல்ல? அதுக்கு நடுவுல நான் போயி நூலப் பிரிச்சு விடுங்கன்னு கால நீட்டணுமா? எனக்கு வெக்கமா இருக்கு. எடு."

எவ்வளவோ மன்றாடினேன். அவர் வரவில்லை.

6. மறுநாள் நான் பேருந்து ஓட்டப் போயிருந்தபோது, பட்டறையில் வைத்துத் தம்முடைய கம்பி வெட்டும் கருவியாலேயே தையலைப் பிரித்துவிட்டார். சுத்தமாகக் கழுவித்தான் செய்தேன் என்றார். சர்க்கரையால் அவர் பாதத்தில் உணர்ச்சி குறைவு. உள்ளே சீழ் வைத்தது அவருக்கு வலிக்கவே இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் ஆறிட்டு வருது என்று காலுறையை மேலே இழுத்துக்கொண்டார். நடுக்கம் கண்டு சாப்பாட்டு மேசையிலேயே அவர் சாய்ந்தபோதுதான் காலுறையைக் கழற்றினேன். விரல்கள் கறுத்திருந்தன. அன்று அதே வாசலில் யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, எல்லோரும் ஓடி வந்தார்கள்.

7. வின்னிபெக் பெரிய மருத்துவமனையில் கணுக்காலுக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று அறுவை மருத்துவர் கடிந்துகொண்டார். என் கணவர் கோபமே இல்லாமல், "அவசரம் இல்லன்னாங்க டாக்டர்" என்றார்.

8. அந்தச் செவிலியரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் மேல் எனக்குக் குறையும் இல்லை. போன மாதம் மளிகைக் கடையில் என்னைப் பார்த்ததும் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அனுப்பிவிடுங்கன்னு மட்டுந்தான் எங்களுக்குச் சொன்னாங்க. கிளினிக் மூடினத யாருமே சொல்லல. இப்ப ஒவ்வொருத்தர அனுப்பறப்பவும் உங்க வீட்டுக்காரர் ஞாபகந்தான் வருது" என்றார். அந்த மேசைக்குப் பின்னால் அவரைத் தாங்கள் தனியாக உட்கார வைத்திருக்கிறீர்கள்.

9. நெஞ்சுவலிக்காரருக்கு முன்னால் எங்களைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. காத்திருக்க எங்களுக்குத் தெரியும். தையல், கட்டு, காதுவலி, தீர்ந்துபோன மாத்திரை, இவற்றைப் பார்க்க அதே கட்டடத்தில் ஓர் அறையும் அனுபவமுள்ள ஒரு செவிலியரும் பகல் வேளையிலாவது வேண்டும். அது ஆகும்வரை, ஒருவரை வேறு இடத்துக்கு அனுப்புமுன் அந்த இடத்தோடு பேசி, அவர் பெயரைச் சொல்லி, நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். அந்தப் பலகையை மட்டும் நாளைக்கே எடுத்துவிடுங்கள். அதற்கு மருத்துவர் யாரும் தேவையில்லை.

10. இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் உறையை ஒட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் கணவர் இருமிக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் கேட்கிறது. சாதாரணச் சளியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் பேருந்து ஓட்டுகிறவள். போகலாம் வா என்றால், "இது அவசரமாடி?" என்று கேட்கிறார்.

இந்தக் கடிதத்தை இன்றே தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டு, நாளைக் காலை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மருத்துவமனைக்கு அழைத்து வருவேன். வாசல்வரை கொண்டுவருவது என் பொறுப்பு. அங்கே யாராவது ஒருவர், வேறெதுவும் கேட்பதற்கு முன்னால், "உள்ள வாங்க" என்று அவரிடம் சொல்லத் தாங்கள் உத்தரவிட வேண்டும். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
பதிலுக்காக அல்ல, நடவடிக்கைக்காகக் காத்திருக்கும்,

ஆர்லீன் பசரபா
(கையொப்பம்)

இடம்: ஹேரோ கிரீக்
நாள்: மார்ச் 4, செவ்வாய்க்கிழமை