முருகன் காலடியில் வெச்ச சிவப்பு விளக்கு

முருகன் துணை
நகரி, கார்த்திகை மாசம், ஞாயித்துக்கிழமை

அன்புள்ள எழிலுக்கு உன் அத்தை ரத்னம்மா எழுதுறது. அந்த ஊர்ச் சூட்டுல உனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் வராம, வேளைக்குச் சோறு துன்னுட்டு வேலைக்குப் போய்க்கினு இருக்கணும்னு தெனம் காலையில சாமிகிட்ட அதான் மொதல்ல கேக்கறேன். இங்க நானும் உன் தங்கச்சி அகிலாவும் இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுத கை வரல கண்ணு, இருக்கோம், அவ்ளோதான். அகிலாவுக்கு இது ஏழாவது மாசம், கால் கொஞ்சம் வீங்குது, டாக்டரம்மா உப்பைக் கொறைன்னு சொல்லிக்கீறாங்க. தெருவுல மழையால ரெண்டு நாளா தறி ஓடல. போன்லதான் தெனம் பேசறோமே, இன்னாத்துக்குக் கடுதாசின்னு நீ நெனைப்ப. போன்ல உன் குரலைக் கேட்டா நான் அழுதுடறேன், நீயும் அழுதுடற, கூட இருக்கிற புள்ளைங்க வேற கேட்டுக்கினு இருக்காங்க. தாமோதரன் லீவு முடிஞ்சி புதன்கிழமை குவைத்துக்குக் கெளம்புறான், அவன் கையில குடுத்தனுப்புறேன். தனியா உக்காந்து கடைசி வரைக்கும் படி, பாதியில கிழிச்சிப் போட்டுடாத.

உங்க நைனாவைப் பத்தியும் அந்த வேனைப் பத்தியும்தான் எழுதுறேன். நீ ஓட்டின வண்டி, உனக்கே தெரியும், சாவி போட்டா டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட்டு ஒண்ணு எரியும், இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடும். ஆடிக் கிருத்திகைக்கு நான் திருத்தணி போனேன் இல்ல, எங்க அண்ணன், உங்க நைனா உசுரு நிக்கணும்னு வேண்டிக்கினு ஒரு சின்ன முருகன் வாங்கியாந்து வண்டியில வெச்சேன். காலடியில ஒரு விளக்கு எரிஞ்சா நல்லா இருக்குமேன்னு பஜார்ல வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுற கடையில கேட்டேன். தனியா வயர் இழுக்கணும்மா, நேரமாவும்னான். நான்தான், நான்தான் எழிலு, அந்தச் சிவப்பு லைட்டைக் காட்டி, இது சும்மாதானே கெடக்குது, இதையே சாமி காலடிக்கு இழுத்துடுன்னு சொன்னேன். அவன் அந்தப் பல்பைக் கழட்டிட்டு, அந்த வயரை சாமி காலடிக்கு இழுத்து சின்னதா ஒரு எல்இடி போட்டுக் குடுத்தான். நீ போனதுக்கு அப்புறம் வண்டி ஓட்டுற ரமணா அப்ப டிபன் துன்னப் போயிருந்தான். வந்ததும் பாத்துட்டு, அத்தை, எதுலருந்து வயர் எடுத்தாங்கன்னு கேட்டான். அவன் பிடுங்கிப் போட்டுடுவானோன்னு பயந்துக்கினு, எல்லாம் தனியா எடுத்தாங்க, அது வேண்டுதல் விளக்கு, நீ கை வெக்காதேன்னு சொன்னேன். வாய் கூசாம பொய் சொன்னேன்.

அன்னிலருந்து அந்த விளக்கு வண்டி ஓடறப்பவும் எரிஞ்சிக்கினே இருந்திச்சி. ரோட்டுல வேகமாப் போனா சில நேரம் அணையும், மெதுவானா திரும்ப வரும். நான் என்னா நெனைச்சேன் தெரியுமா, முருகன் கண்ணைத் தெறந்து பாத்துக்கினு வரான்னு நெனைச்சேன். வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், உங்க நைனாவை டயாலிசிசுக்குத் திருப்பதி கூட்டிக்கினு போவறப்ப அந்த விளக்கைப் பாத்துக்கினே கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கினு போவேன். அண்ணன் கூட கிண்டல் பண்ணுவாரு, ஏன்டி ரத்னா, எனக்கு ரத்தம் சுத்தம் பண்றது மிஷினா உன் முருகனான்னு.

புரட்டாசியில வண்டி மொத தடவை ஸ்டார்ட் ஆவல. ரமணா பேட்டரின்னு சொல்லிப் புதுசு மாத்தினான். பத்து நாள்ல அதுவும் படுத்துச்சி. பெல்ட்டை மாத்தினான், பேட்டரி முனையிலயும் எர்த்து வயர்லயும் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி சுத்தம் பண்ணான், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரைக் கழட்டி புத்தூர் கடையில குடுத்துப் பாத்தான், மேஜைல வெச்சி ஓட்டிப் பாத்துட்டு இதுல ஒரு கொறையும் இல்ல, நல்லா கரண்ட்டு குடுக்குதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. டேஷ்போர்டுல சிவப்பு லைட்டும் வரல, அப்ப சார்ஜ் ஏறுதுன்னுதானே அர்த்தம், இன்னா மாயமோ தெரியல அத்தைன்னு தலையில கை வெச்சிக்கினான். ஒரு நாள், அந்தச் சாமி விளக்கை ரெண்டு நாள் கழட்டி வெச்சிப் பாக்கட்டுமா, அதுதான் ராத்திரியெல்லாம் கரண்ட்டை உறிஞ்சுதோன்னு கேட்டான். எங்க அண்ணன் உசுருடா அது, தொட்டா கை வெளங்காதுன்னு கத்தினேன். பாவம், அப்புறம் அந்தப் பக்கம் அவன் விரலு போவல.

மத்தது உனக்குத் தெரியும். அந்தச் செவ்வாக்கிழமை வண்டி கெளம்பல, உங்க நைனா பஸ்ல ஏற முடியாம, வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்னு படுத்துட்டாரு. வெள்ளிக்கிழமை பேட்டரியைக் கடையில சார்ஜ் ஏத்தி மாட்டிக்கினு போனோம். புடிச்சிக்கிச்சி மழை. பகல்லயே லைட்டு போட்டு, வைப்பர் போட்டு, ஊந்துக்கினு போனோம். வடமாலப்பேட்டை தாண்டினதும் மொதல்ல வைப்பர் இழுத்து இழுத்து நின்னுச்சி, அப்புறம் இஞ்சின். பெட்ரோல் வண்டிக்கு கரண்ட்டு இல்லன்னா பொறி வராதாமே. உங்க நைனாவுக்கு மூச்சு வாங்குது. ரமணா அவரை முதுகுல தூக்கிக்கினு டீக்கடை வரைக்கும் மழையில ஓடினான், ரோட்டுக்கு நடுவுல நின்னு ஒரு ஆட்டோவை மறிச்சான். நாங்க போய்ச் சேந்தப்ப நம்ம நேரம் முடிஞ்சி வேற ஆளை மிஷின்ல போட்டிருந்தாங்க, நர்சம்மா டைம் அயிபோயிந்தி அம்மான்னுட்டு அவரைப் பாத்ததும் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டாங்க. தண்ணி நெஞ்சுல ஏறிடுச்சின்னாங்க. மூணாவது நாள் போயிட்டாரு.

லீவு குடுக்காம நீ வர முடியல, அந்த வேதனையில போன்ல ரமணாவைக் கேட்டியே, புது பேட்டரி எப்படிடா செத்துப் போவும், வித்துட்டு பழசை மாட்டிட்டியா, எங்க நைனாவைக் கொன்னவன்டா நீன்னு. ஸ்பீக்கர் போட்டிருந்தாங்க எழிலு. பொணத்தைச் சுத்தி நின்ன அத்தனை பேரும் கேட்டாங்க. அன்னிலருந்து அவனுக்கு இந்தத் தெருவுல யாரும் வண்டிச் சாவி குடுக்கறதில்ல, தறிக்குப் பாவு நூல் லோடு ஏத்திக்கினு போவவும் கூப்பிடறதில்ல. பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெரு முனையில நின்னுட்டு உள்ள வராமயே போனான்.

போன வாரம் வண்டியை வித்துடலாம்னு எலக்ட்ரீஷியன் முனுசாமியைக் கூப்பிட்டேன். அவரு இஞ்சினை ஓட வுட்டு மீட்டரை வெச்சிட்டு, பன்னெண்டு வோல்ட்டு தாண்டல, பதினாலு காட்டணும்மான்னாரு. ஆல்டர்னேட்டர்ல இருந்து போற மெல்லிசு வயரைப் புடிச்சிக்கினே வந்தாரு, அது நேரா முருகன் காலடியில வந்து முடிஞ்சிச்சி. இதை யாரும்மா மாத்தினதுன்னாரு. அந்தப் பழைய பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டர் முழிச்சிக்கறதுக்கு கொஞ்சம் கரண்ட்டு போவுமாம், இந்த எல்இடி வழியா அந்த அளவு போவாதாம். அந்த லைட்டு எரிஞ்சாலே சார்ஜ் ஏறலன்னு வண்டி கத்துறதாம். பெட்டியிலருந்து ஒரு பழைய பல்பை எடுத்து மாட்டினாரு, மீட்டர் பதினாலுக்குப் போச்சி, லைட்டு அணைஞ்சிச்சி. மூணு மாசமா வண்டி கத்திக்கினு இருந்திருக்கு, நான் அதுக்குப் பூ போட்டிருக்கேன்.

அன்னிக்கே ரமணா வீட்டுக்குப் போயி அவன் முன்னாலயும் அவன் பொண்டாட்டி பிரேமலதா முன்னாலயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவான்னு பாத்தேன். அவன், எழில் அண்ணன்கிட்ட சொல்லிடாத அத்தை, அவரு வுட்டுட்டா இந்த வயசுல நீ எங்க போவ, எம்மேல வந்தது எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்னான். பிரேமலதா முந்தானையை வாயில அடைச்சிக்கினு உள்ள எழுந்து போயிட்டா. அவன் அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

உங்கம்மா போனப்ப உனக்கு நாலு வயசு, அகிலா கைக்கொழந்தை. உங்களை வளத்தது இந்தக் கையி, உங்க நைனாவை அனுப்பி வெச்சதும் இதே கையி. மன்னிச்சிடுன்னு உங்கிட்ட கேக்க வரல. ஒண்ணே ஒண்ணு செய். படிச்சி முடிச்சதும் ரமணாவுக்குப் பேசு, அவன் காதுல மட்டும் சொன்னா பத்தாது, அன்னிக்கு மாதிரியே ஸ்பீக்கர் போடச் சொல்லு, தெருவுல நாலு பேரு நிக்கறப்ப சொல்லு, தப்பு எங்க அத்தை மேலன்னு. நானும் பக்கத்துலயே நிக்கறேன், ஒளிஞ்சிக்க மாட்டேன். அதுக்கு அப்புறம் எங்கிட்ட பேசறதும் பேசாததும் உன் இஷ்டம்.

ஆத்திரத்துல துன்னாம கெடக்காத, வெயில்ல வந்ததும் ஐஸ் தண்ணி குடிக்காத, தாமோதரன்கிட்ட நாரத்தங்கா ஊறுகா குடுத்திருக்கேன், வாங்கிக்கோ. அகிலா பிரசவத்துக்காவது லீவு கேளு. உனக்கு ஒரு கொறையும் வராம அந்தக் கடவுள் காப்பாத்தணும், என் பேச்சை அவரு இன்னும் கேப்பாருன்னா.

இப்படிக்கு,
நீ இனிமேலும் அப்படிக் கூப்பிட்டா, உன் அத்தை
ரத்னம்மா