ஒற்றை மரம் நின்ற இடம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், என் முட்டிவலி என்னைவிடச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், பேச்சுக்கு நடுவில் நான் அழுதுவிட்டால் நீ பயந்துபோவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சமையலறைக் கூரை ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. உன் சித்தி வழக்கம்போல இரண்டு நாள் பேசுகிறாள், மூன்றாம் நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

நம் நூலகர் ஊர் வரலாறு எழுதக் கிளம்பியிருக்கிறார். அந்தக் காலத்து நில அளவை வரைபடங்களை நகலெடுத்து வந்து வாசிப்பு மேசை முழுக்க விரித்திருக்கிறார். இப்போதைய வரைபடத்தை டிரேசிங் தாளில் எடுத்து அதன் மேல் வைத்தால், எந்த வீட்டுக்கு அடியில் எந்த வயல் இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. சாயங்காலமானால் தபால்காரர், தையற்காரர் எல்லாரும் அங்கேதான், ஆளாளுக்கு ஒரு கதை சொல்வதும் சண்டை போடுவதுமாகப் பொழுது போகிறது. நானும் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஓடைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மரம் சின்னதாக வரைந்திருந்தது, அடையாளத்துக்காகத் தனி மரங்களையும் அப்போது குறிப்பார்களாம். அதன் மேல் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை.

உனக்கு முன்னால் ஒருவன் பிறந்து ஒரு நாள்கூடத் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் ஒரே பிள்ளையாக வளர்ந்தும் நீ சின்னவள் ஆனாய், பெரியவள் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் சிரித்து மழுப்பினேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அப்பா தனியாகப் போய் அவனைப் புதைத்துவிட்டு வந்தார். எங்கே என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். போன வருஷம் கடைசியாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுதான், "ஓடைப் பக்கம் ஒத்த மரத்தடியில வெச்சேன், விடேன்" என்றார். அவர் அதைச் சொன்னபோது ஓடைப் பக்கம் ஒரு மரமும் மிச்சமில்லை.

அந்த மரம் இப்போது எங்கே வரும் என்று நூலகரிடம் காரணம் சொல்லாமல் கேட்டேன். ஓடையின் மேல் ஓடையைப் பொருத்திப் பார்த்துவிட்டு, கோழிப்பண்ணைக்குள் வருகிறது என்றார். ஒரு வாரம் தினமும் போய் அந்த வேலிக்கு வெளியே நின்று அழுதேன். பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, "முட்டைதானே வேணும், உள்ள வாங்கக்கா" என்றார், அதற்காகவும் அழுகை வந்தது. பிறகு ஒருநாள் தபால்காரர், நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்து வெள்ளத்தில் ஓடையே இடம் மாறிப்போனதே, அதை வைத்துப் பொருத்தினால் எப்படி என்றார். எல்லைக் கற்களை வைத்துத் திரும்பப் பொருத்தினார்கள். மரம் நகர்ந்து பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றது.

நிழற்குடைக்கு அடியில்தான் சின்னவளே. நீ பள்ளிக்கூடத்துக்கு ஏறியது, வேலைக்குப் போனது, கடைசியாக அவ்வளவு தூரம் கிளம்பியது எல்லாம் அங்கேதான். பேருந்து போன பிறகும் உன் அப்பா உடனே நகர மாட்டார், நீ முன்னால் போ, வருகிறேன் என்பார். அடுப்பில் வேலை கிடக்கிறது, இந்த மனிதர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வரும். அத்தனை வருஷமும் அவர் தனியாகச் சுமந்திருக்கிறார், நான் கூட நின்றிருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நூலகரிடம் எல்லாம் சொன்னேன். எழுதட்டுமா என்றார், மரம் இருந்தது என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். இப்போது சாயங்காலம் போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறேன். முதலில் பேருந்து எனக்காக நிற்கும், ஏறவில்லை என்று கையசைப்பேன். இப்போது ஓட்டுநரே கையசைத்துவிட்டுப் போகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியைக் கோபத்தில் அடிக்காதே. நீங்கள் மூவரும் நீண்ட நாள் குறைவில்லாமல் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை வந்து இறங்கும்போது, எப்போதும்போலப் பெரிய பெட்டியைத் தொப்பென்று தரையில் போடாதே. மெதுவாக இறக்கிப் பெஞ்சின் மேல் வை.

உங்கள் இருவருக்கும்
அம்மா