நாலாவது வரிசையில் கத்துகிறவன்

செப்டம்பர் 16, திங்கள்
165/100.

டாக்டரம்மா இந்த நோட்டை வாங்கச் சொன்னாள். தினமும் பிரஷர் பார்த்து எழுத வேண்டுமாம். எந்த நேரத்தில், எதனால் ஏறியது என்றும் எழுத வேண்டுமாம். எட்டாம் வகுப்பும் தொழிற்பள்ளியும் படித்த டயர் கடைக்காரனிடம் கட்டுரை கேட்கிறாள். எழுதுகிறேன், அவளே படிக்கட்டும்.

இன்று ஏறிய காரணம்: மகன் ரெல்யாவை நம் ஊர் கூடைப்பந்துக் கழகம் பெரியவர்கள் அணியில் சேர்த்துக்கொண்டது. ஒரு வருட ஒப்பந்தம், சம்பளத்தோடு. பதினெட்டு வயது, இரண்டு மீட்டர் நாலு சென்டிமீட்டர், என் வீட்டில் எந்தக் கட்டிலிலும் அடங்காதவன். சந்தோஷத்தில் ஏறினால் கணக்கில் சேருமா? கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 25
158/95. கோச் திஹோமிரைத் தெருவில் பார்த்தேன். அதனால்தான்.

இந்த மனிதர் பத்து வருடமாக அணியை ஏழாவது இடத்திலேயே பத்திரமாக வைத்திருக்கிறார். ஊறுகாய்கூட அவ்வளவு நாள் தாங்காது. பந்துப் பையைத் தூக்குவதும் தண்ணீர் பாட்டில் நிரப்புவதும்தான் என் பையனுக்கு இப்போது வேலை. "புதுசா வர்றவன் எல்லாரும் தூக்கினவன்தான்" என்கிறார். நானும் தூக்கியிருக்கிறேன். இதே அணியில் ஒரு பருவம் நானும் ஆடினேன். ஆடினேன் என்றால் மொத்தம் நாலு நிமிடம். அதில் ஐந்து ஃபவுல். இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 12, சனி
172/104.

முதல் ஆட்டம். நாலாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில், என் வழக்கமான இடம். ரெல்யா நாற்பது நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்தது இரண்டு தடவை, இரண்டும் துண்டு கொடுக்க. "ஊறுகாய்! அவனை இறக்குய்யா!" என்று கத்தினேன். பின்னால் இருந்த ஒருவர் தன் குழந்தையின் காதைப் பொத்தினார். இந்த ஊருக்கு ஆட்டம் பார்க்கவே தெரியாது. தேவாலயத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 19, சனி
ரெல்யாவுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. பந்து கைக்கு வந்ததும், "போடு! போடு!" என்றேன். போட்டான். அது மூன்றாவது வரிசைப் பெண்மணியின் மடியில் விழுந்தது.

எதிரணிக்காரன் எவனோ கையைத் தட்டியிருக்க வேண்டும், ரெஃபரி பார்க்கவில்லை. ரெஃபரி ஒரு கழுதை.

அக்டோபர் 28, திங்கள்
180/108.

குளிர்கால டயர் மாற்ற ஒரு கார் வந்தது. முதலில் கூர்முனை ஷூ இறங்கியது, பிறகு சென்ட் வாசனை, கடைசியில் ஆள். நெவெனாம். ஆட்டக்காரர்களைக் கழகங்களுக்குப் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்.

"மிலிசாவ் அண்ணே, உங்க பையன் வைரம்ணே. பட்டை தீட்ட ஆள் வேணும்."

"பெஞ்சுல துண்டு குடுக்கறப்பவே தெரிஞ்சுதா?"

"எனக்குக் கண்ணு இருக்குண்ணே."

ஒரு தாளை நீட்டினான். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. விரல் வைத்துப் பாதிவரை படித்தேன். எட்டு வருடம் ரெல்யா எங்கே ஆட வேண்டும், எப்போது மாற வேண்டும், எல்லாம் இவன்தான் சொல்வானாம். எட்டு வருடம்! டயருக்கே நான் நாலு வருடத்துக்கு மேல் உத்தரவாதம் சொல்வதில்லை.

"இனிமே என் வாசலை மிதிச்சே, ஜாக்கி மேல உன்னைத் தூக்கி வச்சுடுவேன்" என்றேன். அப்போதுதான் பார்த்தேன், மூன்று சக்கரம்தான் மாற்றியிருக்கிறேன். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாலாவதையும் மாட்டி, காற்று சரிபார்த்து, அப்புறம்தான் துரத்தினேன். மூன்று சக்கரத்தோடு எவனையும் துரத்த முடியாது.

நவம்பர் 2, சனி
பிரஷர் பார்க்கவில்லை. பார்த்தால் மெஷின் உடைந்துவிடும்.

உயரமான ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியதால் ரெல்யாவை ஆரம்பத்திலிருந்தே இறக்கினார்கள். நன்றாகத்தான் ஆடினான். கடைசியில் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தபோது அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஹாலே அடங்கிவிட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல்: "முழங்காலை மடக்குடா! முழங்கால்! உங்க கோச்சுக்குத்தான் தெரியாது, உனக்குமா தெரியாது!"

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ரெஃபரி என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன், அவன் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். என்னை வெளியே அனுப்பினார்கள். காவலாளி க்வோஸ்தென் என் பள்ளித் தோழன். என் தோளைத் தொட்டு, "வாடா, எனக்கு வேலை போயிடும்" என்றான். வாசலைத் தாண்டும்போது இரண்டாவது பந்தும் வளையத்தில் மோதுகிற சத்தம் கேட்டது.

நவம்பர் 3, ஞாயிறு
மதியச் சாப்பாட்டில் ரெல்யா சூப்பைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்பா, இனிமே ஹாலுக்கு வராதே."

"ரெஃபரி பண்ணினது—"

"நீ வந்தா நான் பெஞ்சுலயே உக்காந்துக்கறேன். கோச் கிட்ட சொல்லிட்டேன்."

நான் வெரிட்ஸாவைப் பார்த்தேன். மனைவி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டே, "சரியாத்தான் சொல்றான். கத்திக் கத்தி நீதான் ஆடறே. அவன் எப்ப ஆடறது?" என்றாள்.

இவர்களுக்காக இருபது வருடம் டயர் உருட்டினேன். சரி. போகமாட்டேன். ஏழாவது இடத்து அணியைப் பார்க்காமல் செத்தா போய்விடுவேன்?

நவம்பர் 9, சனி
போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து வெரிட்ஸாவின் ஃப்ரிட்ஜ் கதவைச் சரிசெய்தேன். இப்போது அது மூடவே மாட்டேன் என்கிறது.

நவம்பர் 11, திங்கள்
குளிர்கால டயர் இல்லாமல் பிடித்தால் அபராதம் என்பதால் கடை முன்னால் ஒரு மைல் வரிசை. முதல் காரிலேயே ஒருவன் தலையை நீட்டி, "மிலிசாவ், உன் பையன் சனிக்கிழமை பன்னிரண்டு பாயிண்ட்டாமே! நீ எங்கே காணோம்?" என்றான்.

வேலை இருந்தது என்றேன்.

நவம்பர் 18
பதினாலு பாயிண்ட்.

நவம்பர் 25
பதினேழு. நான் போகாதது அணிக்கு ஒரு புது ஆட்டக்காரர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கழகம் எனக்கும் ஒரு ஒப்பந்தம் போடலாம், வராமல் இருக்க.

க்வோஸ்தென் டயர் மாற்ற வந்தான். "உன் எடத்துல இப்ப யாரு உக்கார்றான் தெரியுமா? அந்தக் கூர்மூக்கு ஷூக்காரன்" என்றான். நாலாவது வரிசை. தூணுக்குப் பக்கத்தில். கத்துவதில்லையாம். சிரித்துக்கொண்டே கை தட்டுகிறானாம்.

176/106.

டிசம்பர் 11, புதன்
"நெவென் மறுபடி கூப்பிட்டார்" என்றான் ரெல்யா. 'ர்'ராம்!

"எட்டு வருஷம்னு படிச்சியா?"

"படிச்சேன். எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. நானே கையெழுத்து போடலாம்."

"போடலாம்."

"உன்கிட்ட கேக்கல."

"தெரியும்டா."

கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போட்டுவிடுவான். இருபத்தாறு வயதுவரை அந்தச் சென்ட் வாசனைக்குப் பின்னால் ஊர் ஊராகப் போவான். நான் என்ன சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்வான். அப்படித்தானே நான் அவனைப் பழக்கியிருக்கிறேன்?

டிசம்பர் 18, புதன்
நாளை எங்கள் வீட்டு ஸ்லாவா, குடும்பப் புனிதர் நிக்கோலாஸ் திருநாள். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி இல்லை, மீன்தான். கெண்டை மீனைக் குளியல் தொட்டியில் விட்டிருக்கிறேன். பயிற்சி முடிந்து வந்த ரெல்யா குளிக்க வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுவும் எட்டு வருஷ ஒப்பந்தமா?"

"இல்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான்."

சிரித்துவிட்டான். ஆறு வாரத்தில் முதல் தடவை.

டிசம்பர் 19, வியாழன்
190/112. முழுதாக எழுத வேண்டும்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. அன்று மட்டும் அந்த வீட்டுக்கு யாரும் வரலாம், வந்தவன் விருந்தாளி. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டால் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. நின்றுகொண்டே ஒயின் ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும், வந்தவனை எதிர்த்து ஒரு சொல் சொல்லக் கூடாது. இதெல்லாம் நாற்பத்தெட்டு வருடமாகத் தெரிந்த எனக்கு, நெவெனுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லையே!

திஹோமிர் முதலில் வந்தார். ஹாலில் நான் மூன்று வாரம் ஊறுகாய் என்று கூப்பிட்டவர். வருகிற தைரியம் இருக்கிறதே என்று ஊற்றினேன். பிறகு வாசலில் அந்தக் கூர்முனை ஷூ. கையில் ஒரு பாட்டில். "வீட்டுக்காரரே, திருநாள் வாழ்த்து!" மூன்று தடவை கன்னத்தில் முத்தம் வேறு. நானும் திருப்பிக் கொடுத்தேன். ஜாக்கி ஞாபகம் வந்தது.

அவன் மேசையின் நடுவில் உட்கார்ந்தான். நான் கையில் துண்டோடு பின்னால் நின்றேன்.

"நம்ம மிலிசாவ் அண்ணன் ஹால்ல கத்தினா, இபார் ஆத்துல மீனெல்லாம் செத்து மிதக்கும்!" என்றான். மேசையே சிரித்தது. நான் ஊற்றினேன்.

"நாலு நிமிஷத்துல அஞ்சு ஃபவுலாமே அண்ணே, உண்மையா? அடிச்சது ஆளையா, பந்தையா?"

வெரிட்ஸாவின் அண்ணன் சிரித்துப் புரையேறினான். நான் ஊற்றினேன். விளிம்புவரை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் எதுவும் பேசாமல் இருப்பதை ரெல்யா பார்த்துக்கொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

பிறகு நெவென் அந்தத் தாளை எடுத்தான். திருநாள் ரொட்டிக்குப் பக்கத்தில் விரித்தான். "நல்ல நாள், நல்ல வீடு. ஒரு கையெழுத்துதான், தம்பி." பேனாவின் மூடியையும் அவனே கழற்றிக் கொடுத்தான். திஹோமிர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

ரெல்யா பேனாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அப்பா?"

கேட்டுவிட்டான்! மூன்று மாதம் இந்த நோட்டில் எழுதியதெல்லாம் தொண்டை வரை வந்தது. திருடன், நரி, எட்டு வருடம், எல்லாம். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. என் கையில் மீன் தட்டு.

"மீன் ஆறுதுடா" என்றேன்.

ரெல்யா தாளை மடித்தான். "நெவென் அண்ணே, ஸ்லாவா அன்னிக்கு எங்க வீட்ல எதையும் விக்கறதில்ல" என்று அவன் பக்கம் தள்ளினான்.

அந்த ஆள் எழுந்து போகவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்து மூன்று துண்டு மீன் சாப்பிட்டான். மூன்றையும் நான்தான் பரிமாறினேன். மூன்றாவது வால் துண்டு. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

டிசம்பர் 20, வெள்ளி
ரெல்யா கடைக்கு வந்து டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தான்.

"நேத்து அவன் அப்படிக் கிண்டல் பண்ணினான். உனக்குக் கோவமே வரலையா?"

"நூத்தித் தொண்ணூறு. நோட்டுல இருக்கு, பாரு."

"ஆனா சும்மா நின்னே."

"வீட்டுக்காரன்டா. வேற என்ன செய்யறது?"

ஒரு போல்ட்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். "அப்போ உன்னால முடியும்" என்றான். "நான் முடியாதுன்னே நெனச்சேன்."

நான் அடுத்த டயரை எடுத்தேன்.

"நாளைக்கு வா. ஆனா உக்காராதே."

டிசம்பர் 21, சனி
கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். க்வோஸ்தென், "என்னடா, தொண்டை கட்டிடுச்சா?" என்றான். பாதி ஆட்டத்தில்தான் கவனித்தேன், சமையலறைத் துண்டு என் தோளிலேயே இருக்கிறது. எப்படி வந்ததென்று தெரியவில்லை.

ரெஃபரி அதே கழுதை. நான் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன். திஹோமிர் மாற்றவேண்டிய நேரத்தில் மாற்றவில்லை. இதுவும் இங்கே மட்டும்.

கடைசி நிமிடம் ரெல்யாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. துண்டைக் கடித்துக்கொண்டேன். ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

இரண்டையும் தவறவிட்டான்.

அப்பாடா! நான் காரணமில்லை. அவன் கதவுப் பக்கம் திரும்பி, தோளைக் குலுக்கிச் சிரித்தான். ஆட்டம் போச்சு. ஏழாவது இடம் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 14
நோவி சாத் நகரிலிருந்து ஒரு கழகத்தின் ஒப்பந்தம் வந்தது. இரண்டு வருடம், மூன்று பக்கம். கடையில் வைத்து நானும் ரெல்யாவும் இரண்டு தடவை படித்தோம், நான் விரல் வைத்து. புரியாத இடத்துக்கு ஊறுகாயைக் கூப்பிட்டோம். மனிதருக்கு ஏதோ கொஞ்சம் தெரிந்துதான் இருக்கிறது.

கையெழுத்து போட்டான். பேனா என்னுடையது, கிரீஸ் கறையோடு.

அக்டோபர் 11, சனி, நோவி சாத்
பெரிய ஹால். எட்டாயிரம் பேர், எவனுக்கும் ஆட்டம் பார்க்கத் தெரியவில்லை. கதவருகே நின்றேன். சட்டையில் ஹால் ஊழியர் பேட்ஜ் குத்திய ஒரு இளைஞன் வந்து டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான்.

"பெரியவரே, உங்களுக்கு நாலாவது வரிசையில நல்ல எடம் போட்டிருக்கே. போய் உக்காருங்க."

"வேண்டாம்பா."

"ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "நான் வீட்டுக்காரன்."

அவனுக்கும் வீட்டில் ஸ்லாவா உண்டு போல. மேற்கொண்டு கேட்கவில்லை. ஓரமாகத் தள்ளி நின்று, எனக்கு ஆட்டம் தெரிய இடம்விட்டான்.