தலைகீழாக நட்ட மூங்கில்

மே 4, திங்கள்
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். பத்து மணிக்கே மண்டை கொதிக்கிறது. நாகமலை புதுக்கோட்டை, மாரியின் மூங்கில் பட்டறை, பதினோராவது நாள்.

பள்ளிக்கூட லீவில் மூங்கில் வேலை கற்க வேண்டும் என்பது என் ஆசை. மூன்று வருட ஆசை. என் வீட்டுக்காரர் சும்மா என்னை பைக்கில் விட வந்தவர். வெயிலில் திரும்பிப் போவானேன் என்று உட்கார்ந்தார், கத்தியைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். இன்று நான் பிளந்த பிளாச்சு நான்கும் கோணல். இவர் பிளந்தது ஸ்கேல் வைத்த மாதிரி.

இவர் மாரியை மாப்ள என்கிறார். மாரி இவரை மாமா என்கிறார். நான் இன்னும் டீச்சர்.

மே 6, புதன்
வாங்க வேண்டியது: பேண்டேஜ், தோசை மாவு, தேங்காய் எண்ணெய். கட்டைவிரலில் வெட்டு. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சனிக்கிழமை யூனிவர்சிட்டி பக்கம் ஒரு டீக்கடைக்கு மூங்கில் குடில் போடப் போகிறாராம் மாரி. எங்களில் ஒருவரைக் கூட்டிப்போவாராம். ஒருவர் மட்டும். நாளை சின்னதாக ஒரு பந்தல் போடச் சொல்லிப் பார்த்து முடிவு. எனக்குப் படபடப்பு. இவரோ, பேங்கில் லீவு மிச்சம் இருக்கிறது, போகலாம் என்கிறார். எனக்கு உயிர், இவருக்கு லீவு.

மே 7, வியாழன்
ஆளுக்கு இரண்டு கால் நட்டோம். இவருடைய இரண்டாவது கால் தலைகீழ்.

அடிப்பக்கம்தான் மண்ணுக்குள் போக வேண்டும். மாற்றி நட்டால் அந்த இடம் விளங்காது என்று பிடுங்கி மறுபடி நடுவது இவர்கள் வழக்கம். நாங்கள் நட்டது நடுத்துண்டு, இரண்டு முனையும் ஒரே பருமன். கணுவைத்தான் பார்க்க வேண்டும், மொட்டு வளையத்துக்கு மேலே இருக்கும். முதல் வாரமே மாரி சொன்னது. இவர் அப்போது போனில்.

இவர் நட்ட காலின் கணுவில் விரல் வைத்துப் பார்த்தேன். மொட்டு கீழே. ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனேன். இவர் ஏதோ முனகிக்கொண்டே மண்ணை மிதித்து இறுக்குகிறார். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லை எனக்கு.

மே 8, வெள்ளி
மாரி ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டு வந்தார். நாலாவதில் கை நின்றது. தான்தான் கவனிக்கவில்லை என்று இவர் அசடு வழிந்தார். பிடுங்கி மறுபடி நட்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு. நாளைக்கு நான்தான்.

இவர் பைக் எடுக்கப் போனதும் மாரி பக்கத்தில் வந்தார்.

"நேத்தே கணுவுல வெரல் வச்சுப் பாத்துட்டீங்கள்ல டீச்சர்?"

பொய் வரவில்லை. தலையாட்டினேன்.

"உங்களுக்குக் கண்ணு இருக்கு. மாமாவுக்கு அம்புட்டு இல்ல. ஆனா நான் கூரை மேல நிக்கைல, கீழ நிக்கிறவுக தப்பைப் பாத்தா வாயத் திறக்கணும். மாமாவக் கூட்டிட்டுப் போறேன்."

ஆரப்பாளையம் தாண்டி கே.கே. நகர் வீடு வரை பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். தலைவலியா என்றார் இவர். ஆமாம் என்றேன்.

மே 9, சனி
ஆறு மணி. புழுக்கம். இவருக்கு தோசை கட்டிக் கொடுத்தேன். மாரி இவரிடம் எதுவும் சொல்லவில்லை போல.

செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்: "மொட்டு வளையத்துக்கு மேலயா, கீழயா? நீதான் கரெக்டா சொல்லுவ."

கீழ என்று நாக்கு நுனி வரை வந்தது.

"மேல" என்றேன்.

கேட்டில் நின்றேன். கூப்பிட்டு வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட நினைத்தேன். பைக் தெருமுனை திரும்பும்வரை நேரம் இருந்தது. கூப்பிடவில்லை.