உன் எடைமேல் போட்ட பழி

உன்னைக் கொன்றது உன் எடை இல்லை, அண்ணா. மாமா கொன்றார். அப்பா உன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

இன்று காலை மாமா வந்து உன் கல்யாணக் கோட்டு வேண்டும் என்று கேட்டார். அவர் மகனுக்குக் கல்யாணம். அம்மா பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை நாற்றம் வீடெல்லாம் அடித்தது. "ஒருக்காகூட இடாத கோட்டுல்லா, பயலுக்கு அளவாட்டு இருக்கும்" என்றார் மாமா. இருக்கும்தான். நீ எப்படியும் மெலிவாய் என்று, உன் பழைய அளவுக்கு மார்த்தாண்டத்தில் அவர்தானே தைக்கக் கொடுத்தார்.

நீ வாலிபால் ஆடிய காலத்து அளவு அது. பிறகு குரல்கள் வந்தன. அவை கேட்கக்கூடாது என்று நீ சுவரில் தலையை மோதி மோதி ரத்தம் வழிய நின்ற அன்று, உன்னைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். எல்லையில் களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் ஊருக்குத் தெரியாது என்பது அப்பாவின் எண்ணம். மாத்திரை வேலை செய்தது. கூடவே பசியும் வந்தது. மரச்சீனிக் கிழங்கைச் சட்டியோடு எடுத்துத் தின்றாய். அம்மா அடுக்களையைப் பூட்டினாள். நீ பூட்டை உடைத்தாய். அப்பா அகப்பையால் உன் விரல்களில் அடித்தார். "பன்னி மாதிரி திங்கியே, வெக்கமில்லியால?"

எடை கூடினால் வந்து சொல்லுங்கள், மருந்தை மாற்றிப் பார்க்கலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரும் போய்ச் சொல்லவில்லை. திட்டினால் இளைத்துவிடுவாய் என்று நினைத்தார்கள்.

நீ சிரிப்பாய். "ஏட்டி, முன்ன எனக்குள்ள நாலஞ்சு பேரு கெடந்து சத்தம் போட்டானுவ. இப்ப அவனுவளுக்க எடத்துலயும் நாந்தான் இருக்கேன். தடிக்காம என்ன செய்யும்?"

மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. பெண் வீட்டார் உன்னைப் பார்த்துவிட்டு, "மாப்பிள கொஞ்சம் எளைச்சா கொள்ளாம்" என்றார்கள். அவ்வளவு போதுமாயிருந்தது. "மாத்திரைய நிறுத்து. கல்யாணம் கழிஞ்ச பொறவு தின்னட்டு" என்றார் மாமா. நிறுத்தினார்கள். எடை அப்படியே இருந்தது. குரல்கள் திரும்பிவிட்டன.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் நம் சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாரேனும் உண்டா என்று கேட்பார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. அன்று போதகர் கேட்டதும் நீ எழுந்து நின்றாய்.

"எனக்கு உண்டு ஐயா. மாப்பிள நாந்தான். நான் மனசுக்கு மாத்திரை திங்குத ஆளு. அந்தப் பிள்ளைட்ட யாரும் சொல்லல்ல."

பின் வரிசையில் எவனோ சிரித்தான். மாமா உன் சட்டைக் காலரைப் பிடித்து வீடு வரை இழுத்து வந்தார். அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அப்பா, மாமா, அம்மா, நீ. நான் வெளியே நின்று கதவை உதைத்தேன். பெல்ட் விழும் சத்தம். கண்ணாடி நொறுங்கும் சத்தம். "மானத்த வாங்கிட்டியேல" என்று மாமா. பிறகு உன் குரல்: "மாமா, முதுகுலேருந்து எந்திரிங்க, மூச்சு முட்டுது." அப்பா சொன்னார்: "கைய நான் பிடிச்சிருக்கேன், நீ எந்திரிக்காத." அதன்பின் உன் குரல் கேட்கவில்லை.

கதவு திறந்தபோது உன் முகம் நீலமாக இருந்தது. கன்னத்தில் கண்ணாடிச் சில்.

"தடிச்ச ஒடம்புல்லா, நெஞ்சடைப்பு" என்றார் மாமா. வந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். எந்த உடம்பைச் சொல்லி உன்னைத் தினமும் அடித்தார்களோ, அந்த உடம்பையே சாட்சியாக நிறுத்தி உன்னைப் புதைத்தார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். "நீ வெளியதானம்மா நின்ன? உள்ள பாத்தது யாரு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

மூச்சு முட்டுது என்ற உன் குரலைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். அந்தக் குரலை யாரும் எழுதி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாமா கோட்டோடு கிளம்பியதும் அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, நீ உள்ள நின்ன. நீ பாத்த. எனக்க கூட ஸ்டேஷனுக்கு வா."

அவள் பீரோவடியில் உட்கார்ந்து, உதிர்ந்த அந்துருண்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எந்திரிம்மா. வந்து சொல்லு."