ரீற்றா வரும் கசற்

அன்புள்ள அப்பா,

இறந்தவர்கள் கடிதம் வாசிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. ஆனாலும் இதை உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு செபஸ்தியான் அங்கிள் நேற்று கேற்றடியில் வந்து நின்றார். போன மாதம் அவருடைய மகள் ரீற்றா காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

"தங்கச்சி, அந்த நாடகத்துல நம்ம ரீற்றா தாதியா வருவாளே, அந்தக் கெசட்டு இருக்கா? ஒரே ஒரு தடவ பாக்கணும்மா. டீவிக்காரங்ககிட்டயும் இல்லையாம்."

"பூஞ்சணம் பிடிச்சிட்டுது, அங்கிள்," என்றேன். கண்டி ஈரத்தில் யாரும் நம்பக்கூடிய பொய்.

நினைவிருக்கிறதா அப்பா? புதன்கிழமைகளில் அந்த நாடகத்தைப் பதிய வீடியோ டெக்குக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவீர்கள். விளம்பரம் எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்கு வந்தது என்று கொப்பியில் குறிப்பீர்கள், அடுத்த கிழமை பதிவை நிறுத்த விரல் தயாராக இருப்பதற்காக. "ஐயா, விளம்பரம் வருது, அமத்துங்க, அமத்துங்க!" என்று பக்கத்திலிருந்து கத்துவதே அங்கிள்தான். ரீற்றா நடித்த கசற்றின் சிறிய பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டீர்கள், மேலே வேறெதுவும் பதிய முடியாதபடி. "இது அழியக்கூடாது, பிள்ளை."

பிறகு பொலிஸார் புலிகளைத் தேடித் தமிழ் வீடுகளைச் சோதனை போட்ட அந்தக் கிழமை. முதலில் அங்கிள் வீட்டில்தான் விசாரித்தார்கள். "பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்தார் வாராவாரம் எதுக்கோ நேரம் குறிக்கிறார்" என்றார் அவர். எதற்கென்று அவருக்குத் தெரியாதா? கொப்பியையும் கசற்றுகளையும் அள்ளினார்கள், உங்களையும் கொண்டுபோனார்கள். டெக்குக்குள் கிடந்த ரீற்றாவின் கசற் மட்டும் தப்பியது.

எட்டு மாதம் கழித்து வந்தீர்கள். அங்கிள் சொன்னதை விசாரணையில் உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களாம். "விடு பிள்ளை, அந்தாளுக்கும் பயம்தானே."

பயம் எனக்கும் விளங்கும். அதற்குப் பிறகு இத்தனை வருடம் மதிலுக்கு மேலால் சிரித்தாரே, அது என்ன? நீங்கள் டெக்கைத் தொடவே இல்லை. அடுத்த மழைக்கு நீங்களே இல்லை.

அந்தக் கசற்றை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, துடைத்து வைக்கிறேன். ஒரு பொட்டுப் பூஞ்சணம் கிடையாது.

இன்று புதன்கிழமை. ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தமாக ஓடவிட்டேன். "இப்ப வலி குறைஞ்சிருக்கா ஐயா?" என்று ரீற்றா கேட்டாள். மதிலுக்கு அப்பால் ரேடியோ சட்டென்று நின்றது. பிறகு கேற் அதிர்ந்தது. "தங்கச்சி! அது அவ குரல்! கதவத் தொறம்மா!"

நான் நிறுத்தவில்லை. திறக்கவுமில்லை.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, அன்று சொன்னதை அதே சொற்களில் அவர் சொல்லட்டும். அதுவரை புதன்கிழமைதோறும் ஜன்னல் திறந்திருக்கும், கதவு பூட்டியிருக்கும். இது சத்தியம், அப்பா.

விடச் சொல்லியும் விடாத,
உங்கள் மூத்த மகள்
கெலிஓயா, கண்டி