புறங்கையில் தெரிந்த சூடு

இன்று காலை அடையாறில், வீங்கியிருந்த என் முழங்காலைப் பிசியோதெரபிஸ்ட் பெண் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "சூடு இருக்கு சார். ரெண்டு வாரம் மாடி ஏறாதீங்க" என்றார். மேசைமேல் திறந்திருந்த தைலத்தின் வாசனையில் உங்கள் குதிரை லாயம் நினைவுக்கு வந்துவிட்டது.

கிண்டியில் நாற்பது வருடம் பந்தயக் குதிரைகளைப் பழக்கினீர்கள். தினமும் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொன்றின் முன்னங்கால்களையும் புறங்கையால் தடவிப் பார்ப்பீர்கள். உள்காயம் இருந்தால் வீக்கத்துக்கு முன் சூடுதான் வரும் என்பீர்கள். கடிவாள வார் இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்கு அது தெரியாது. நான் வேலியோரம் நின்று ஸ்டாப்வாட்சில் நேரம் குறிக்கும் ரேஸ் நிருபன். "குதிர எப்டி ஓடுச்சுன்னு உன் கடியாரம் சொல்லும். நாளைக்கி ஓடுமான்னு அதுக்கு இன்னா தெரியும் நைனா?" என்று கேலி செய்வீர்கள்.

செல்லி உங்கள் லாயத்தின் நான்கு வயதுப் பெண்குதிரை. இடது முன்னங்கால் சுடுகிறது என்று மூன்று முறை அவளைப் பந்தயத்திலிருந்து விலக்கினீர்கள். மருத்துவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை. என் கடிகாரத்திலோ அவள் காலை நேரங்கள் அருமையாக இருந்தன. வெள்ளிக்கிழமைப் பத்தியில் எழுதினேன்: ‘குதிரையின் கால் சரியாகத்தான் இருக்கிறது, பயிற்சியாளரின் கைக்குத்தான் வயதாகிவிட்டது.’ எழுதியபோது அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

செல்லியின் உரிமையாளர் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பத்திரிகையோடு லாயத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அதைப் படித்துக் காட்டினாராம். அடுத்த பந்தயத்தில் செல்லி ஓடினாள். கடைசித் திருப்பத்தில் முன்னால் வந்தவள், அதே இடது கால் முறிந்து விழுந்தாள். சுற்றிலும் பச்சைத் திரையைப் பிடித்தார்கள். மருத்துவர் அவளை நிரந்தரமாகத் தூங்கவைக்கும் ஊசியோடு உள்ளே போனார். நீங்கள் வெளியே வந்தபோது சட்டையெல்லாம் புல்லும் நுரையும்.

மன்னிப்புக் கேட்க வந்தேன். நீங்கள் திட்டவில்லை.

"காலைல தொட்டுப் பாத்தேன். சூடாத்தான் இருந்துச்சு. உன் பேப்பர் ஞாபகம் வந்துச்சு. கையத் தொடச்சிக்கினு, சரி ஓட்டுன்னு சொல்லிட்டேன்."

அதன் பிறகும் ஆறு வருடம் லாயத்துக்கு வந்தீர்கள், கைகளைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு. கால் பார்க்க மருத்துவரைக் கூப்பிட்டீர்கள். கடைசியில் ஆதம்பாக்கம் வீட்டில் படுக்கையில் கிடந்தபோது உங்கள் கையைப் பிடித்தேன். மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டீர்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

எங்கள் பத்திரிகையில் பெயரோ நேரமோ தப்பானால் மறுநாள் திருத்தம் போடுவோம். அந்தப் பத்தியில் நான் குறித்த நேரங்கள் எல்லாம் சரி. திருத்த ஒன்றுமில்லை என்றார் ஆசிரியர், நானும் ஒத்துக்கொண்டேன்.

இன்று வீட்டுக்கு வந்ததும் எழுதிப் பார்த்தேன்: ‘பயிற்சியாளரின் கை சரியாகத்தான் இருந்தது.’ படிக்க நீங்கள் இல்லை. வெளியிட அந்தப் பத்தியும் இல்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு மனப்பாடமாக இருப்பது பழைய வரிதான்.